நாக்ஸின் 1681 பதிப்பை எங்கே பார்க்கலாம்? பழைய ஆங்கில அச்சு நூல்களின் மின்காப்பகங்கள்

மூதூரான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் இலங்கையின் மூதூர். ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவருடைய தகப்பனாரும் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது எங்கள் கொட்டியாரக் குடாவில்தான். மொத்தம் 16 பேர் அகப்பட்டார்கள். அவர்கள் பிடிபட்ட இடம் என்று சொல்லும் புளியமரத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தவன் நான். மகன் நாக்ஸ் 19 வருடத்துக்கு மேல் மலைநாட்டில் கிடந்து, 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றிப் புத்தகம் போட்டார்.

ஊர் வரலாறு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். மறுபதிப்பு கையில் இருக்கிறது. ஆனால் அச்சில் முதலில் எப்படி வந்ததோ அப்படியே பார்க்க ஆசை. இணையத்தில் இரண்டு இடம் அகப்பட்டது. ஒன்றில் பக்கங்களின் படம் இருக்கிறது, ஆனால் சந்தா கட்டிய பல்கலைக்கழகத்தார்தான் உள்ளே போகலாம். மற்றதில் முழு எழுத்தும் இலவசம், ஆனால் நடுநடுவே கோண அடைப்பும் கரும்புள்ளியும் வருகிறது. அனுராதபுரத்தை இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினேன். ஒன்றுமே இல்லை என்கிறது. அவர் அந்த வழியாகத்தானே தப்பிப் போனார்?

எதை நம்பி மேற்கோள் எடுப்பது? ஒரே புத்தகத்தின் எழுத்து இலவசமாகவும் படம் பூட்டியும் கிடப்பது ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சுக்கூடம்

நல்ல கேள்வி, மூதூரான். முதலில் தேடல். நாக்ஸ் காதில் கேட்டதை எழுதியவர். அவர் புத்தகத்தில் அது ‘அனரோட்ஜ்பர்ரோ’ என்று படிக்கும்படி இருக்கும். அந்தக் காலத்தில் ஆங்கிலச் சொற்களுக்கே நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது, நம் ஊர்ப் பெயர்களுக்கு எங்கே இருக்கப்போகிறது? இன்றைய வடிவத்தை விட்டுவிட்டு முதல் மூன்று எழுத்தையும் நட்சத்திரக் குறியையும் போட்டுத் தேடுங்கள். யு, வி இரண்டும் இடம் மாறி வரும், ஐ, ஜே இரண்டும் அப்படியே. ஓலைச்சுவடியில் புள்ளியும் இல்லாமல், ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கப் படித்துப் பழகிய ஆட்கள் நம்மில் உண்டு. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டியதுதான்.

அடுத்தது நீங்கள் பார்த்த அந்தப் படங்கள். அவை புத்தகத்தை நேரே ஸ்கேன் செய்து எடுத்தவை அல்ல. 1926இல் பொல்லார்டும் ரெட்கிரேவும், 1475 முதல் 1640 வரை அச்சான ஆங்கில நூல்களுக்கு ஒரு பெரிய பட்டியல் போட்டார்கள். 1641 முதல் 1700 வரைக்கும் விங் என்பவர் பிறகு போட்டார். முதலில் முந்திய பட்டியலையும் பிற்பாடு விங்கின் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புத்தகமாக மைக்ரோஃபிலிமில் ஏற்றும் வேலையை யூஜின் பவர் என்ற அமெரிக்கர் 1930களில் தொடங்கினார். 1938இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் ‘யூனிவர்சிட்டி மைக்ரோஃபிலிம்ஸ்’ நிறுவனம் வந்தது. அப்புறம் போர். 1941இல் குண்டு விழுந்து பிரிட்டிஷ் மியூசியத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் போயின. அந்த நாட்களில் ஃபிலிம் சுருளுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சுருள்களைத்தான் பிற்பாடு ஸ்கேன் செய்து 1998இல் இணையத்தில் ஏற்றினார்கள். அதன் பெயர் ‘எர்லி இங்கிலிஷ் புக்ஸ் ஆன்லைன்’, சுருக்கமாக ஈபோ. இன்று அதில் ஏறத்தாழ 1,46,000 தலைப்புகள் இருக்கின்றன. ஆக நீங்கள் பார்ப்பது படத்தின் படம். புரோக்வெஸ்ட் என்ற நிறுவனத்தின் சொத்து. பூட்டுக்குக் காரணம் அதுதான்.

இலவச எழுத்து வேறு வழியில் வந்தது. மிச்சிகன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களும் புரோக்வெஸ்டும் சேர்ந்து 1999இல் ஒரு கூட்டுமுயற்சி தொடங்கின. அதன் பெயர் ‘டெக்ஸ்ட் கிரியேஷன் பார்ட்னர்ஷிப்’, சுருக்கமாக டி.சி.பி. செலவைப் பல நூலகங்கள் பகிர்ந்துகொண்டன. படத்தைப் பார்த்து ஆட்களைக் கொண்டே தட்டச்சு செய்ய வைத்தார்கள். சில வருடம் கழித்து எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது முதல் நாளிலேயே போட்ட ஒப்பந்தம். சொன்னபடி 2015 ஜனவரி 1ஆம் தேதி 25,000க்கும் மேற்பட்ட நூல்களைத் திறந்தார்கள், மீதியை 2020இல். மொத்தம் சுமார் 60,000. யாரும் இறக்கலாம், திருத்தலாம், மறுபடி பதிப்பிக்கலாம், அனுமதி கேட்க வேண்டாம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

மதுரைச் செல்வி

அச்சுக்கூடம் ஐயா, ஆட்களைக் கொண்டு தட்டச்சு செய்தார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த மாதிரி வேலையை நான் சென்னையில் நாலு வருடம் செய்தவள். யாருக்கான வேலை என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். திரையின் மேல்பாதியில் பழைய பக்கத்தின் படம் இருக்கும், கீழ்ப்பாதியில் நாங்கள் அடிக்க வேண்டும். அதே பக்கத்தை வேறொரு இருக்கையில் இன்னொருவரும் அடிப்பார், ஆனால் யார் என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டையும் கணினி ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தை மட்டும் மூன்றாம் ஆளிடம் அனுப்பும். இதற்கு ‘டபுள் கீயிங்’ என்று பெயர். டி.சி.பி.யும் இந்த முறையில்தான் செய்தது. 20,000 எழுத்துக்கு 1 பிழைக்கு மேல் போகக் கூடாது என்பது அவர்கள் கணக்கு.

படத்தில் உள்ள எழுத்தை இயந்திரமே படித்துத் தரும் ஓ.சி.ஆர். போட்டால் என்ன என்று கேட்பார்கள். அந்தக் காலத்து அச்சில் எஸ் என்ற எழுத்தை நீட்டிப் போடுவார்கள், பார்க்க எஃப் மாதிரியே இருக்கும். குறுக்குக் கோடு இடப்பக்கம் மட்டும் ஒரு மூக்கு போல நீட்டிக்கொண்டு நிற்கும். எஃப்பில் அது இரண்டு பக்கமும் போகும். வித்தியாசம் அவ்வளவுதான். இயந்திரத்துக்குப் பாவம் என்ற ‘சின்’ மீன் துடுப்பு என்ற ‘ஃபின்’ ஆகிவிடும். ஒரு சமயப் பிரசங்கம் முழுக்க இப்படி வந்தால் எப்படி இருக்கும்? அதோடு பல நூல்களில் ‘பிளாக் லெட்டர்’ என்ற தடித்த கோண எழுத்து, பின்பக்க மை முன்பக்கம் ஊறித் தெரியும், நடுக் கட்டில் வளைந்து போன வரி வேறு.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், அர்த்தம் பார்க்காதே என்பது. அர்த்தம் புரிந்தால் கை தானாகத் திருத்திவிடும். ஒரு சொல்லில் ஈ என்ற எழுத்து கூடுதலாக இருந்தால் கூடுதலாகவே அடிக்க வேண்டும். தெரியாத எழுத்தை ஊகிக்கக் கூடாது, குறி போட்டுவிட்டு நகர வேண்டும். மூதூரான் அண்ணன் பார்த்த கரும்புள்ளி அதுதான். அது குறை இல்லை அண்ணா. இங்கே எழுத்து தெரியவில்லை என்று ஒருவர் நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போன இடம்.

இன்னொன்று. அந்தக் கோப்பின் எக்ஸ்.எம்.எல். வடிவத்தை, அதாவது குறியீடுகளோடு சேர்ந்த மூல வடிவத்தைத் திறந்தால் தலைப்பகுதியில் ஒரு வரலாறு இருக்கும். எந்த மாதம் தட்டச்சுக்குக் கொடுத்தார்கள், எந்த நிறுவனம் தட்டச்சு செய்தது, யார் மாதிரிப் பக்கங்களை மெய்ப்புப் பார்த்தார் என்று வரிவரியாக வரும். மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இருக்கும். தட்டச்சு செய்தவர் பெயர் இருக்காது, நிறுவனத்தின் பெயர்தான். நான் இப்போதும் அந்த வரியைத் தேடித் தேடிப் படிப்பேன்.

நிரலோன்

செல்வி அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி.

என் கருத்தைச் சொல்கிறேன். எழுத்து கிடைத்த பிறகு படத்துக்காக ஏங்க வேண்டியதில்லை. 60,000 நூலையும் இறக்கி என் கணினியில் வைத்திருக்கிறேன். ஒரு சொல் எந்த வருடம் எத்தனை முறை வருகிறது என்று அரை நிமிடத்தில் எடுக்கலாம். கட்டுமரம் ஆங்கிலத்துக்குள் போன வரலாற்றைத் தேடினேன். வில்லியம் டாம்பியர் 1697இல் போட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் இதைக் கட்டமரான் என்கிறார்கள் என்று விளக்கி எழுதியிருக்கிறார். இப்படி ஒன்றைப் படத்தில் பக்கம் பக்கமாகத் தேடினால் ஆயுள் போதாது. ஆய்வுக்கு எழுத்து போதும், படம் பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கு. நூலகங்கள் சந்தாவுக்குக் கொட்டும் பணத்தை இன்னும் பல நூல்களைத் தட்டச்சு செய்யக் கொடுக்கலாம்.

அச்சுக்கூடம்

தம்பி, கட்டுமரம் பற்றி எழுதியதற்கு மகிழ்ச்சி. ஆனால் படம் வேண்டாம் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

நாக்ஸின் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இலங்கையின் வரைபடம் உண்டு, செப்புத்தகட்டுப் படங்கள் உண்டு. யானையைக் கொண்டு மரண தண்டனை கொடுக்கும் படமும், தாளிப்பனை ஓலையைப் பிடித்து நிற்கும் மனிதனின் படமும் மிகப் பெயர் பெற்றவை. தட்டச்சுக் கோப்பில் அந்த இடத்தில் ‘இங்கே ஒரு படம்’ என்ற குறிதான் மிஞ்சும். கிரேக்கம், எபிரேயம் வந்தால் அதையும் அடிக்கவில்லை, வேற்று லிபி என்று குறித்துவிட்டுப் போய்விட்டார்கள். இசைக் குறியும் கணிதச் சூத்திரமும் அப்படியே. யூக்ளிடின் வடிவியல் நூலின் மொழிபெயர்ப்பை அந்தக் கோப்பில் மட்டும் படித்து என்ன செய்வது?

அடுத்தது, எழுத்துக்கோப்பு என்பது ‘அந்தப் புத்தகம்’ அல்ல. அது அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி. அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் தாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழையைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்தித் திருத்துவார்கள். முன்பே அச்சான தாளையும் வீணாக்க மாட்டார்கள், காகிதம் விலை உயர்ந்தது. அதனால் ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகள் அச்சுக்கு அச்சு ஒத்துப்போகாது. மைக்ரோஃபிலிம் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரு பிரதியோடு நின்றார்கள். அந்தப் பிரதியில் ஒரு தாள் கிழிந்திருந்தால் உலகம் முழுக்க அந்தத் தாள் கிழிந்ததுதான்.

1603இல் அச்சான ஹாம்லெட்டின் முதல் பதிப்பில் இன்று உலகத்தில் இருப்பது இரண்டே பிரதிகள். ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, அதற்கு முகப்புத் தாள் இல்லை. மற்றது கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது, அதற்குக் கடைசித் தாள் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு முழு நூல். அதைத் திரையில் செய்து காட்டியது மின்காப்பகம்தான். எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தக் கதையே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

மதுரைச் செல்வி

இதில் நான் ஐயா பக்கம். நாங்கள் பார்த்ததும் படத்தைத்தான். படத்தில் விழாதது எங்கள் விரலுக்கு வராது. ஃபிலிமோ வெறும் கருப்பு வெள்ளை. சிவப்பு மையில் அச்சிட்ட தலைப்பு வெளிறிப் போய்ப் பாதி எழுத்தோடு வரும். மடித்து ஒட்டிய வரைபடத்தைச் சில இடங்களில் பிரிக்காமலேயே எடுத்திருப்பார்கள். புத்தகம் உள்ளங்கையளவா முழம் அளவா என்றுகூடத் தெரியாது, எல்லாமே திரையில் ஒரே உயரம்.

ஒற்றெழுத்து

ஒரே ஒரு பிரதி எவ்வளவு பேசும் என்பதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்துக்கு 1623இல் ஷேக்ஸ்பியரின் முதல் பெருந்தொகுப்பு வந்தது. பிறகு புதிய பதிப்பு வந்ததும் பழையதைத் தள்ளிவிட்டார்கள். 1905இல் ஒரு மாணவர் தன் வீட்டுப் பழைய புத்தகத்தின் கட்டு பற்றி விசாரிக்க அங்கே எடுத்துப் போனார். பார்த்தால் அதே பிரதி! 3,000 பவுண்டு திரட்டி மறுபடி வாங்கினார்கள். 2013இல் அதை இணையத்தில் ஏற்றி எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். நான் ஒருநாள் இரவு முழுக்க அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாணவர்கள் கை வைத்து வைத்துத் தாள் தேய்ந்திருக்கிறது. எல்லா நாடகத்திலும் ஒரே மாதிரி அல்ல. ரோமியோவும் ஜூலியட்டும் வரும் பக்கங்கள்தான் அதிகம் தேய்ந்தவை, அதிலும் மாடத்துக் காட்சிக்கு எதிர்ப்பக்கம். முன்னூறு வருடத்துக்கு முந்திய வாசகர்கள் எங்கே முழங்கையை ஊன்றிப் படித்தார்கள் என்பது அந்தக் காகிதத்தில் இருக்கிறது. எந்தத் தட்டச்சு இதைக் கொண்டுவரும்?

சரி, நான் சொல்ல வந்தது சிறுபிரசுரங்களைப் பற்றி. எல்லாரும் பெரிய நூல்களையே பேசுகிறீர்கள். அந்த பாட்லியனை நிறுவிய தாமஸ் பாட்லி 1610இல் அச்சிடுவோர் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு ஒவ்வொரு புது நூலிலும் ஒரு பிரதி வாங்கினார். ஆனால் பஞ்சாங்கம், நாடகம் மாதிரிச் சில்லறைச் சரக்கெல்லாம் தன் நூலகத்துக்கு வேண்டாம் என்றார். அப்படி ஒதுக்கிய சரக்கு கடைகளில் பொட்டலம் மடிக்கப் போனது. நம்மூரில் குஜிலிக் கடைப் பாட்டுப் புத்தகங்களுக்கு நேர்ந்த கதிதான்.

அதைக் காப்பாற்றியவர் ஒரு புத்தகக் கடைக்காரர். பெயர் ஜார்ஜ் தாமசன், லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் முற்றத்தில் கடை. 1640இல் அரசனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் மோதல் முற்றுகிறது. அடுத்த வருடம் நட்சத்திர மன்றம் என்ற பழைய நீதிமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். அச்சுக்கு இருந்த கடிவாளம் அதோடு போயிற்று. தெருவெல்லாம் பிரசுரம், காலையில் ஒருவர் போட்டால் மாலையில் எதிர்ப்பாட்டு. தாமசன் தினமும் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாங்கினார். யார் பக்கம் என்று பார்க்கவில்லை. 1661 வரை விடவில்லை. 22,000க்கு மேல் சேர்ந்தது, கட்டியபோது 2,000 தொகுதி அளவில் வந்தது.

அவர் செய்த பெரிய காரியம், முகப்பிலேயே தேதியைப் பேனாவால் எழுதியது. அச்சில் வருடம் மட்டும்தான் இருக்கும். அதுவும் நம்ப முடியாது, நவம்பரில் வந்ததற்கே அடுத்த வருடத்தைப் போட்டு விற்பார்கள். தாமசன் அந்த எண்ணை அடித்துவிட்டுச் சரியான வருடத்தையும் மாதத்தையும் நாளையும் எழுதுவார். இதனால்தான் எந்தப் பிரசுரத்துக்கு எது பதில் என்று இன்று வரிசைப்படுத்த முடிகிறது. மில்டன் அச்சுச் சுதந்திரத்துக்காக எழுதி, உரிமம் வாங்காமல் வெளியிட்ட ஏரியோபஜிட்டிக்காவின் மேல், 1644 நவம்பர் 24 என்ற நாளும் ‘ஆசிரியர் தந்தது’ என்ற லத்தீன் குறிப்பும் இருக்கின்றன. கடைக்கே வந்து கொடுத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இன்னொன்றை மன்னர் முதலாம் சார்லஸே கேட்டு வாங்கிப் படித்தார். எடுத்துப் போனவர் வழியில் சேற்றில் தவறவிட்டார். அது எப்படி நடந்தது என்று தாமசன் விவரமாக ஒரு குறிப்பு எழுதி உள்ளே வைத்தார். அந்தக் கறையை அவர் பெருமையின் அடையாளமாகவே கருதினார்.

கடைசியில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்காக வெறும் 300 பவுண்டுக்கு இத்தனையையும் வாங்கினார்கள். 1762இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. ஈபோவின் அடித்தளத்தில் இந்தத் திரட்டும் ஒன்று.

தேதி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அப்போது இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. சார்லஸின் தலையை வெட்டிய ஜனவரி 30, அவர்கள் கணக்கில் 1648, நம் கணக்கில் 1649.

நிரலோன்

ஒற்றெழுத்து அண்ணா, தாமசன் கைப்பட எழுதிய தேதி தட்டச்சுக் கோப்பில் வராது என்று இப்போதுதான் உறைக்கிறது. அச்சானதை மட்டும்தானே அடித்திருக்கிறார்கள். சொற்களை எண்ணிப் போட்ட என் வரைபடங்களில் வருடத்தை அச்சு எண்ணைக் கொண்டே போட்டிருக்கிறேன். 1640களை மறுபடி பார்க்க வேண்டும். படம் வேண்டாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

பூட்டைப் பற்றிய என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2015 அக்டோபரில் அமெரிக்காவின் மறுமலர்ச்சிக் கால ஆய்வாளர் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு ஈபோவைப் புரோக்வெஸ்ட் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆய்வாளர்கள் இணையம் முழுக்கக் கொதித்ததும் மறுநாளே பின்வாங்கினார்கள். பல்கலைக்கழக வேலை இல்லாத ஆய்வாளர் எத்தனை பேர் அந்த ஒரு வழியை நம்பியிருந்தார்கள்!

பொதுப்பணத்தில் நடப்பதும் ஆபத்துக்குத் தப்பவில்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைப் பிணைப்பணக் கும்பல் முடக்கியது. 1473 முதல் 1800 வரையிலான நூல்களில் எந்தப் பிரதி எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லும் இ.எஸ்.டி.சி. என்ற பட்டியலும் அதோடு படுத்துவிட்டது. ஏறத்தாழ 4,80,000 பதிவுகள். பிறகு ஐரோப்பிய நூலகக் கூட்டமைப்பு ஒன்றின் தளத்தில் தற்காலிக வடிவத்தைத் திறந்தார்கள். ஒரே இடத்தில் வைப்பது எவ்வளவு பயங்கரம் என்று அந்த மாதங்களில் புரிந்தது.

திருத்தத்துக்கு வழி இருக்கிறது. ‘எர்லிபிரிண்ட்’ என்ற தளத்தில் டி.சி.பி. நூல்களின் கரும்புள்ளிகளை வாசகர்களே நிரப்பலாம். சில நூல்களுக்கு வேறு பிரதியின் நல்ல வண்ணப் படமும் பக்கத்திலேயே வரும்.

ஒற்றெழுத்து

இன்னொரு திறந்த கதவு. சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2003 முதல் ஒற்றைத்தாள் பாட்டுகளை ஏற்றி வருகிறது. அந்தக் காலத்து நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் சேர்த்த 1,800க்கும் மேற்பட்ட பாட்டுத்தாள்கள் அதில் உண்டு. மெட்டு கிடைத்தவற்றைப் பாட வைத்துப் பதிந்திருக்கிறார்கள். காசு கிடையாது. ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள்.

மூதூரான்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதிலேயே கிடந்தேன்.

அச்சுக்கூடம் ஐயா சொன்னபடி தேடினேன், அனுராதபுரம் வந்துவிட்டது. கப்பல் வந்த இடம் வரும் அத்தியாயத்தை முழுக்க இறக்கிவிட்டேன். தமிழரை அவர் எங்கும் ‘மலபார்’ என்றே எழுதுகிறார். இன்றைய சொல்லைப் போட்டுத் தேடியிருந்தால் நம்மவர்கள் அந்தப் புத்தகத்தில் இல்லை என்றே நினைத்திருப்பேன்.

பக்கப் படத்துக்கு, வெளிநாட்டில் படிக்கும் மருமகள் தன் நூலகத்தில் இருந்து பார்த்து விவரம் சொன்னாள். செல்வி தங்கச்சி எழுதிய மாதிரியே, பின்பக்க எழுத்து ஊறி ஒரு சொல் மறைந்த இடத்தில்தான் எழுத்துக்கோப்பில் புள்ளி இருக்கிறது. அதைப் படித்தபோது உங்களைத்தான் நினைத்தேன் தங்கச்சி.

ஒரு சந்தேகம். எங்கள் ஊருக்குப் படையோடு வந்த அதிகாரியை ‘டிஸ்ஸாவா’ என்கிறார். இதைத் திசாவை என்று எழுதுவதா, திசாவ என்பதா? அந்த அத்தியாயத்தைத் தமிழாக்கி இங்கேயே போடலாம் என்று இருக்கிறேன்.

அச்சுக்கூடம்

திசாவை என்றே எழுதுங்கள், நம் வழக்கில் அப்படித்தான். அடிக்குறிப்பில் நாக்ஸின் எழுத்துக்கூட்டலை விடாமல் கொடுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாக்ஸ் தன் சொந்தப் பிரதியில் இடையிடையே வெற்றுத் தாள் வைத்துக் கட்டி, பின்னாளில் நினைவுக்கு வந்ததை எல்லாம் கைப்பட எழுதிச் சேர்த்தார். அந்தச் சேர்க்கைகளோடு 1989இல் இலங்கையிலேயே ஒரு பதிப்பு வந்தது. 1681இன் பக்கத்தோடு அதையும் ஒப்பிட்டுவிட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்குங்கள்.

மதுரைச் செல்வி

முதல் பத்தியைப் போட்டதும் சொல்லுங்கள் அண்ணா. மெய்ப்பு நான் பார்க்கிறேன்.